ஆங்கிலச் சமநிலை இணைப்புச்சொற்களும் தமிழின் இணைப்பு முறைகளும்: குன்றாண்டார்கோவில் குடைவரையைக் காக்கும் சட்டத்தொடர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலம் இரண்டு பெயர்களையும் இரண்டு பெயரடைகளையும் இரண்டு வினைகளையும் ஒரே இணைப்புச்சொல்லால் இணைக்கிறது. தமிழில் இணைக்கப்படும் சொல்லின் வகைக்கேற்ப இணைக்கும் முறை மாறுகிறது. பெயர்களுக்கு உரிய எண்ணும்மை முற்றுவினையோடும் பெயரெச்சத்தோடும் சேர்வதில்லை. இவ்வேறுபாட்டினால் மொழிபெயர்ப்பில் நேரும் பொருள் மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயில் போன்ற தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின் தொடர்கள் முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. தமிழில் வெளிப்படையாகச் சொல்லப்படாத இணைப்பு பெரும்பாலும் கூட்டலையே உணர்த்தும் என்பதும், தெரிவுப் பொருளை உருபோ சொல்லோ கொண்டு உணர்த்தவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சமநிலை இணைப்பு, எண்ணும்மை, பெயரடை, வினையெச்ச அடுக்கு, சட்டமொழி, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டத்தில் அமைந்துள்ள குன்றாண்டார்கோவில், பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்ட சிவன் கோயிலால் சிறப்புற்ற ஊர். குடைவரை கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல்லவர் காலக் கல்வெட்டுகளும், சக்கரங்களும் குதிரைகளும் செதுக்கப்பட்ட தேர் வடிவ மண்டபமும் இக்கோயிலில் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இச்சின்னத்திற்கு, 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள், எச்சங்கள் குறித்த சட்டம் பொருந்தும்.

இச்சட்டம் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது. எது தொன்மைச் சின்னம் என்பதை அது பெயரடைகளை இணைத்து வரையறுக்கிறது. எவை குற்றம் என்பதை வினைகளை இணைத்துக் கூறுகிறது. ஊர் மக்களுக்கு இச்சட்டத்தைத் தமிழில் எடுத்துரைக்கும்போது, இணைப்பு சற்றுப் பிசகினாலும் சட்டத்தின் பொருள் மாறிவிடும். இணைப்புச்சொற்கள் தொடரியல் சார்ந்த சிறு கூறுகளாகத் தோன்றினும், அவற்றின் பொருள் எல்லை எவ்வளவு பெரிது என்பதைக் காட்ட இச்சட்டத்தொடர்கள் ஏற்ற களமாக அமைகின்றன.

1. ஆங்கிலச் சமநிலை இணைப்புச்சொற்கள்

ஆங்கிலப் பாடநூல்கள் சமநிலை இணைப்புச்சொற்களாக ஏழினைக் குறிப்பிடுவது வழக்கம். அவை 'ஃபார்', 'அண்ட்', 'நார்', 'பட்', 'ஆர்', 'யெட்', 'ஸோ' என்பன. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்னும் நினைவுச்சொல்லும் வகுப்பறைகளில் வழங்குகிறது. எனினும் இவ்வேழும் ஒரே தன்மையன அல்ல.

'அண்ட்', 'ஆர்' ஆகிய இரண்டும் பெயர், பெயரடை, வினை, தொடர் ஆகிய எல்லாவற்றையும் தடையின்றி இணைக்கும். 'பட்', 'யெட்' ஆகியவை முரண்படும் பெயரடைகளையும் வினைகளையும் இணைக்கும். 'ஸ்மால் பட் பியூட்டிஃபுல்' என்பது எடுத்துக்காட்டு. 'நார்' எதிர்மறைச் சூழலிலேயே வரும். காரணம் குறிக்கும் 'ஃபார்' தொடர்களை மட்டுமே இணைக்கும். இரண்டு பெயரடைகளுக்கிடையே அது நிற்க இயலாது. 'ஸோ' என்பதும் பெயரடைகளை இணைப்பதில்லை. ஆகவே, ஏழு சொற்களையும் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர், பெயரடைகளுக்கும் வினைகளுக்கும் எவை பொருந்தும் என்பதைத் தனியே அறியவேண்டியுள்ளது.

மூன்றோ அதற்கு மேற்பட்டோ உறுப்புகள் வரும்போது, ஆங்கிலம் இணைப்புச்சொல்லைக் கடைசி உறுப்பிற்கு முன் ஒருமுறை மட்டும் இடுகிறது. மற்ற இடங்களில் காற்புள்ளி அமைகிறது. காற்புள்ளிக்குத் தனிப்பொருள் இல்லை. கடைசியில் 'அண்ட்' வந்தால் முன்னுள்ள காற்புள்ளிகள் யாவும் 'அண்ட்' எனவும், 'ஆர்' வந்தால் 'ஆர்' எனவும் பொருள் கொள்ளப்படும். தமிழில் 'உம்', 'ஓ' ஆகிய இடைச்சொற்கள் ஒவ்வோர் உறுப்பின் ஈற்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இதுவே இரு மொழிகளுக்கும் இடையே முதலில் தோன்றும் வேறுபாடு.

2. பெயரடைகளின் இணைப்பு

2.1 ஆங்கில முறை

ஆங்கிலப் பெயரடை இரண்டு இடங்களில் வரும். பெயருக்கு முன் அடையாக வருவது ஒன்று. பயனிலையாக வருவது மற்றொன்று. பயனிலை இடத்தில் இணைப்புச்சொல் இன்றியமையாதது. 'தி கேவ் இஸ் ஸ்மால், டார்க் அண்ட் கூல்' என்பதில் 'அண்ட்' நீங்கினால் தொடர் இயல்பாக அமையாது.

அடை இடத்தில் இரு நிலைகள் உள்ளன. அளவு, காலம், பொருள் முதலிய வெவ்வேறு வகைப் பண்புகளைக் குறிக்கும் பெயரடைகள் இணைப்புச்சொல் இன்றி அடுக்கி வரும். 'எ ஸ்மால் ஓல்ட் ஸ்டோன் டெம்பிள்' என்பதில் அளவு, பழமை, கட்டுமானப் பொருள் ஆகியவை இவ்வரிசையில் அமைகின்றன. வரிசையை மாற்றினால் தொடர் பிழைபடும். ஒரே வகைப் பண்பைக் குறிக்கும் பெயரடைகளுக்கிடையே காற்புள்ளியோ 'அண்ட்' என்பதோ வரும். 'எ லாங், டயரிங் வாக்' என்பதில் இரு பெயரடைகளையும் இடம் மாற்றலாம். இடையே 'அண்ட்' சேர்க்கவும் செய்யலாம். இடமாற்றமும் 'அண்ட்' சேர்ப்பும் இயலுமாயின் அவை சமநிலைப் பெயரடைகள் என்பது ஆங்கிலம் கற்பிப்போர் பயன்படுத்தும் சோதனை.

ஒரு பொருளின் வெவ்வேறு பகுதிகளின் நிறத்தைக் குறிக்கையில் 'அண்ட்' கட்டாயமாகிறது. 'எ பிளாக் அண்ட் ஒயிட் சாரி' என்பது கறுப்புப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் உடைய ஒரே புடவை. ஆனால் 'ஓல்ட் அண்ட் நியூ ஹால்ஸ்' என்பதில் பழைய மண்டபங்கள் வேறு, புதிய மண்டபங்கள் வேறு. ஆகவே, பெயரடைகளை இணைக்கும் 'அண்ட்' பண்புகளைக் கூட்டுவதும் உண்டு. பொருள்களைப் பிரித்து எண்ணுவதும் உண்டு. எது என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது.

2.2 தமிழ் முறை

தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. எண்ணுப்பொருள் அவற்றுள் ஒன்று. நன்னூலும் எட்டுப் பொருள்களையே கூறும். எண்ணும்மை பெயரோடு இயல்பாகச் சேரும். பெயரெச்சத்தோடும் பெயரடையோடும் சேராது. 'கோயிலும் குளமும்' என்பது இயல்பு; 'பழையவும் சிறியவும் கோயில்' என்பது தமிழன்று. 'செய்யும்' என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சத்தின் ஈற்றில் உள்ள 'உம்' விகுதியாதலின், அதனை எண்ணும்மையோடு மயங்கக் கூடாது.

எனவே ஆங்கிலத்தில் 'அண்ட்' இணைக்கும் இரு பெயரடைகளைத் தமிழ் நான்கு வழிகளுள் ஒன்றால் வெளிப்படுத்துகிறது. முதலாவது, வெறும் அடுக்கு: 'சிறிய, பழைய கோயில்'. இரண்டாவது, பண்புப்பெயராக்கி உம்மை சேர்த்தல்: 'பழமையும் அழகும் உடைய கோயில்'. மூன்றாவது, 'ஆக' சேர்ந்த வடிவத்தோடு உம்மை சேர்த்தல்: 'கோயில் சிறியதாகவும் அழகாகவும் இருக்கிறது'. நான்காவது, பெயரைத் திரும்பக் கூறுதல்: 'பழைய மண்டபமும் புதிய மண்டபமும்'. இறுதி வழியில், ஆங்கிலத்தில் சூழலுக்கு விடப்பட்ட பொருள் தெளிவாகிவிடுகிறது. 'பட்' என்பதற்கு 'சிறியதாயினும் அழகிய கோயில்' என்னும் அமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது.

இணைப்புச்சொல் இன்றியே தமிழ் இணைத்துவிடும் என்பதற்கு அரசுத் துறைப் பெயரொன்று நல்ல சான்று. 'ஹிந்து ரிலிஜியஸ் அண்ட் சாரிட்டபிள் எண்டோமென்ட்ஸ்' என ஆங்கிலத்தில் இரு பெயரடைகளை 'அண்ட்' இணைக்கும் துறையின் தமிழ்ப் பெயர் 'இந்து சமய அறநிலையத் துறை' என்பதாகும். இதில் 'மற்றும்' இல்லை, உம்மையும் இல்லை. இருந்தும் எவ்விதக் குறையும் தோன்றவில்லை. மாறாக, 'மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை' என்னும் பெயரில் 'அண்ட்' என்பதற்கு நேராக 'மற்றும்' இடப்பட்டுள்ளது. முன்னது தமிழின் தொகைநிலையைப் பின்பற்றுகிறது. பின்னது ஆங்கிலத்தின் இணைப்பிடத்தைப் பின்பற்றுகிறது.

2.3 சட்டத்தின் வரையறை

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(அ) பிரிவு தொன்மைச் சின்னத்தை வரையறுக்கிறது. கட்டடம், குகை, பாறைச்சிற்பம், கல்வெட்டு முதலியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு இரண்டு நிபந்தனைகளை அது விதிக்கிறது. முதல் நிபந்தனையில் வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று பெயரடைகள் 'ஆர்' என்பதால் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்து 'அண்ட்' வருகிறது. குறைந்தது 100 ஆண்டுகள் இருந்து வந்திருக்க வேண்டும் என்னும் இரண்டாம் நிபந்தனை அதன்பின் அமைகிறது.

இங்கே 'ஆர்', 'அண்ட்' ஆகிய இரண்டின் பணியும் தெளிவு. மூன்று சிறப்புகளுள் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். ஆனால் 100 ஆண்டுப் பழமை இருந்தே தீரவேண்டும். குன்றாண்டார்கோவில் குடைவரை மூன்று சிறப்புகளும் உடையது. சிற்பமோ அணிவேலைப்பாடோ இல்லாத வெறும் கற்குகை ஒன்று தொல்லியல் சிறப்பு மட்டுமே உடையதாயினும் வரையறைக்குள் வரும்.

இத்தொடரைத் தமிழில் 'வரலாற்று, தொல்லியல், கலைச் சிறப்புடைய சின்னம்' என எழுதினால் என்ன ஆகும்? எண்ணிடைச்சொல் இன்றி எண்ணுவதைச் செவ்வெண் என்பர். செவ்வெண்ணாக வரும் இத்தொடரைப் படிப்பவர் மூன்று சிறப்புகளும் ஒருங்கே வேண்டும் என்றே பொருள் கொள்வர். மூல நூலின் 'ஆர்' தமிழில் 'அண்ட்' ஆகிவிடுகிறது. மேற்கூறிய வெறும் கற்குகை பாதுகாப்பு எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறது. 'வரலாற்று நோக்கிலோ தொல்லியல் நோக்கிலோ கலை நோக்கிலோ சிறப்புடையதும், குறைந்தது 100 ஆண்டுகள் நிலைத்திருப்பதுமான' என்னும் அமைப்பு மூலப்பொருளைக் காக்கிறது. தெரிவுக்கு ஓகாரமும் கூட்டலுக்கு உம்மையும் இதில் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

3. வினைகளின் இணைப்பு

3.1 பொதுக்கூறு நிற்கும் இடம்

'தி பிரீஸ்ட் ஓப்பன்ட் தி டோர் அண்ட் லிட் தி லாம்ப்' என்னும் ஆங்கிலத் தொடரில் இரு வினைகளும் காலம் காட்டும் முற்றுகள். எழுவாய் முதலில் ஒருமுறை மட்டும் வருகிறது. இதன் இயல்பான தமிழ் வடிவம் 'குருக்கள் கதவைத் திறந்து விளக்கேற்றினார்' என்பதாகும். இதில் முற்று ஒன்றே, மற்றது எச்சம். 'திறந்தாரும் ஏற்றினாரும்' என முற்றுகளோடு எண்ணும்மை சேராது.

எச்சங்கள் பல அடுக்கி வரினும் இறுதியில் நிற்பது முடிவு கொள்ள ஏனையவும் முடிந்தனவாகும் என்பது தொல்காப்பிய வினையியல் தரும் விதி. எண்ணிடைச்சொல் வினையோடு வருதலையும் இடையியல் ஏற்கிறது. ஆனால் அவ்வினை எச்ச வடிவில் நிற்கும். 'படித்தும் எழுதியும் வந்தான்', 'பாடவும் ஆடவும் செய்தனர்' என்பன இத்தகையன. 'படித்தும்' எனத் தனித்து வரின் 'படித்திருந்தபோதிலும்' என்னும் பொருள்படும். இணையாக அடுக்கி வரும்போது எண்ணுப்பொருள் மேலோங்கும்.

இவ்வேறுபாட்டின் அடிப்படை, பொதுக்கூறு நிற்கும் இடமாகும். ஆங்கிலத்தில் துணைவினை முன்னே நிற்பதால், இணைப்பில் அது முன்னே ஒருமுறை வருகிறது: 'கேன் ரீட் அண்ட் ரைட்'. தமிழில் துணைவினை பின்னே நிற்பதால், அது பின்னே ஒருமுறை வருகிறது: 'படிக்கவும் எழுதவும் முடியும்'. துணைவினை இல்லாத இறந்தகாலத் தொடரில் ஆங்கிலம் ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே காலம் காட்டுகிறது. தமிழோ இறுதி வினையின் முற்றிலேயே காலத்தையும் பால் இடங்களையும் நிறுத்துகிறது. தமிழ் மாணவர் 'ஓப்பன்ட் தி டோர் அண்ட் லைட் தி லாம்ப்' என ஒரு வினையில் மட்டும் காலம் காட்டி எழுதுவதற்கு இது ஒரு காரணமாகலாம். எச்சத்தை அப்படியே பெயர்த்து 'ஹேவிங்' எனத் தொடங்கும் தொடர்களை மிகுதியாக எழுதுவதும் இவ்வகையினதே.

3.2 'அண்ட்' மறைக்கும் உறவுகள்

ஆங்கில 'அண்ட்' வினைகளுக்கிடையே உள்ள உறவைக் கூறாமல் விடுகிறது. தமிழில் அவ்வுறவைத் தெரிந்தெடுத்தே எழுதவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தால் 'திறந்து ஏற்றினார்' எனவும், ஒரே நேரத்து நிகழ்ச்சியாயின் 'பாடிக்கொண்டே நடந்தனர்' எனவும் வரும். 'கம் எர்லி அண்ட் யூ வில் சீ தி ஃபெஸ்டிவல்' என்பதில் 'அண்ட்' நிபந்தனை குறிப்பதால் 'முன்னதாக வந்தால் விழாவைக் காணலாம்' என்பதே பொருந்தும்.

எழுவாய் வேறுபடும்போது தடை மேலும் மிகும். 'செய்து' என்னும் எச்சம் வினைமுதலின் வினைகொண்டு முடிதல் இலக்கணம். சினைவினை முதலோடு முடிதல் இதற்குப் புறனடை. ஆதலால் 'மழை வந்து சிறுவர் ஓடினர்' என்னாது, 'மழை வரவே சிறுவர் ஓடினர்' என்றோ 'மழை வந்தது. சிறுவர் ஓடினர்' என்றோ எழுதவேண்டும். 'கோ அண்ட் பிரிங்' போன்ற தொடர்களில் 'அண்ட்' உண்மையான இணைப்பாக இல்லாமல் இரு வினைகளையும் ஒரே செயலாக்குகிறது. இங்குத் தமிழின் 'போய்க் கொண்டுவா' ஆங்கிலத்தோடு நன்கு ஒத்துச்செல்கிறது.

4. ஏழு வினைகளும் ஓர் 'ஆர்' என்பதும்

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின்மீது நிகழ்த்தப்படும் குற்றங்களை ஏழு வினைகளால் கூறுகிறது. அழித்தல், அகற்றல், சேதப்படுத்தல், மாற்றியமைத்தல், உருக்குலைத்தல், இடருக்குள்ளாக்கல், தவறாகப் பயன்படுத்தல் ஆகியவை அவை. ஆங்கிலத்தில் முதல் ஆறு வினைகள் காற்புள்ளியால் தொடர்கின்றன. ஏழாவதன் முன் 'ஆர்' வருகிறது. அந்த ஒற்றைச் சொல் முன்னுள்ள ஐந்து காற்புள்ளிகளுக்கும் பொருள் தருகிறது. ஏழனுள் ஒன்றைச் செய்தாலும் குற்றமே.

இதனை வினையெச்ச அடுக்கால் 'சின்னத்தை அழித்து, அகற்றி, சேதப்படுத்தி, மாற்றியமைத்து, உருக்குலைத்து, இடருக்குள்ளாக்கி, தவறாகப் பயன்படுத்தினால்' எனப் பெயர்த்தால், ஏழு செயல்களையும் ஒருவரே வரிசையாகச் செய்தால்தான் குற்றம் என்னும் பொருள் வந்துவிடும். தொடர் ஓசையில் தமிழாகவே ஒலிக்கும். பொருளில் சட்டத்தையே செயலற்றதாக்கிவிடும். எச்ச அடுக்கில் 'அல்லது' என்பதைச் செருகியும் இதனைச் சரிசெய்ய இயலாது. 'இடருக்குள்ளாக்கி அல்லது தவறாகப் பயன்படுத்தினால்' என்பது தொடராக நிற்பதில்லை.

பொருள் காக்கும் வடிவங்கள் இரண்டு. ஒன்று, நிபந்தனை எச்சத்தோடு ஓகாரம் சேர்த்தல்: 'அழித்தாலோ, அகற்றினாலோ, சேதப்படுத்தினாலோ' என ஏழிலும் ஓகாரம் வரும். மற்றொன்று, பெயரெச்ச அடுக்கின் இறுதியில் 'அல்லது' இடுதல்: 'அழிக்கும், அகற்றும், ... இடருக்குள்ளாக்கும் அல்லது தவறாகப் பயன்படுத்தும் எவரும்' என்பது. இரண்டாவது வடிவம் இக்கால வழக்கில் ஏற்கப்பட்டதே. எனினும் முதல் ஐந்து பெயரெச்சங்களைப் படிக்கும்வரை அவை கூட்டலா தெரிவா என்பது விளங்குவதில்லை. அறிவிப்பைப் பாதியில் படித்துச் செல்வோரையும் கருதினால், ஒவ்வோர் உறுப்பிலும் பொருளை அறிவிக்கும் ஓகார வடிவமே சிறந்தது.

2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இக்குற்றத்திற்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இவ்விரண்டுமோ விதிக்கப்படலாம். 'இவ்விரண்டுமோ' எனச் சட்டம் தனியே கூறுவது கருதத்தக்கது. 'ஆர்' ஒன்றையே தெரிவு செய்வதாகவும், இரண்டையும் உள்ளடக்குவதாகவும் வரக்கூடியது. 2(அ) பிரிவின் 'ஆர்' மூன்று சிறப்புகளும் ஒருங்கே உடைய சின்னத்தை விலக்குவதில்லை. தண்டனைத் தொடரிலோ ஐயத்திற்கு இடம்தராமல் 'இரண்டும்' என்பது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

5. எதிர்மறையில் இடம் மாறும் இணைப்பு

எதிர்மறைத் தொடர்களில் இரு மொழிகளின் இணைப்புச்சொற்கள் ஒன்றுக்கொன்று நேராக அமைவதில்லை. 'உண்ணவும் இல்லை, உறங்கவும் இல்லை' எனத் தமிழ் உம்மையைப் பயன்படுத்தும் இடத்தில், ஆங்கிலம் 'டிட் நாட் ஈட் ஆர் ஸ்லீப்' என 'ஆர்' என்பதைப் பயன்படுத்துகிறது. தமிழில் எதிர்மறை இருமுறை வருகிறது. உம்மை அவ்விரு எதிர்மறைகளையும் கூட்டுகிறது. ஆங்கிலத்தில் 'நாட்' ஒருமுறை முன்னே நின்று, தெரிவு முழுவதையும் மறுக்கிறது. பொருள் ஒன்றே, அமைப்பு வேறு. உம்மைக்கு நேர் 'அண்ட்' எனக் கற்ற மாணவர் 'டிட் நாட் ஈட் அண்ட் ஸ்லீப்' என எழுதினால், இரண்டையும் ஒருங்கே செய்யவில்லை என்னும் பொருளுக்கும் அது இடம் தருகிறது.

இதே சிக்கல் பெயரடைகளிலும் உண்டு. 'பாதை அகலமாகவும் இல்லை. சமமாகவும் இல்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'நீதர் வைட் நார் லெவல்' என்றோ 'நாட் வைட் ஆர் லெவல்' என்றோ வரும். எச்சத் தொடரில் தமிழுக்கும் மயக்கம் உண்டு. 'போய்ப் பார்க்கவில்லை' என்பது போகவே இல்லை எனவும், போயும் பார்க்கவில்லை எனவும் பொருள்படும். ஆகவே சட்டம், அறிவிப்பு போன்ற பொருள் தெளிவு வேண்டும் எழுத்தில், எச்சத்தோடு கூடிய எதிர்மறையைப் பிரித்து எழுதுவது நலம்.

6. பயிற்றுமுறைக்கும் மொழிபெயர்ப்புக்குமான பயன்

மேற்கண்டவற்றால் பொதுக்கருத்து ஒன்று பெறப்படுகிறது. தமிழில் செவ்வெண்ணும் வினையெச்ச அடுக்கும் இணைப்புச்சொல் இன்றியே கூட்டற்பொருள் தருகின்றன. தெரிவுப் பொருளுக்கோ 'ஓ', 'ஆவது', 'ஏனும்', 'அல்லது' முதலியவற்றுள் ஒன்று வேண்டும். 'ஐந்தாறு பேர்' போன்ற எண்ணுப்பெயர் அடுக்குகள் இதற்கு விலக்காகத் தோராயத் தெரிவை உணர்த்தும். எனவே ஆங்கில 'அண்ட்' வரும் இடங்களில் தமிழில் இணைப்புச்சொல்லை விடுவது பெரும்பாலும் தீங்கற்றது. 'ஆர்' வரும் இடங்களில் விடுவது பொருளைக் கெடுக்கும்.

நடைமுறையில் காணப்படுவது இதற்கு மாறானது. 'அண்ட்' வரும் இடமெல்லாம் 'மற்றும்' இடப்படுகிறது. நீண்ட பட்டியல்களில் 'ஆர்' காற்புள்ளியாகிவிடுகிறது. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இணைப்புச்சொல்லுக்கு இணைப்புச்சொல் தேடுவதற்குமுன் மூன்று வினாக்களை எழுப்பலாம். இணைக்கப்படும் உறுப்புகளின் சொல்வகை யாது? அவற்றிடை உள்ள உறவு கூட்டலா, தெரிவா, முரணா, காலவரிசையா? தொடரில் எதிர்மறை உண்டாயின் அதன் எல்லை எதுவரை? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் தமிழ் வடிவம் தானே அமையும்.

முடிவுரை

ஆங்கிலம் ஒரே சொல்லால் எல்லா வகைச் சொற்களையும் இணைக்கிறது; தமிழ் சொல்வகைக்கும் உறவுக்கும் ஏற்ற வடிவத்தைத் தேர்கிறது. பெயரடைகள் அடுக்காகவோ பண்புப்பெயராகவோ 'ஆகவும்' என்னும் வடிவாகவோ இணைகின்றன. வினைகள் எச்சமாகி இறுதி முற்றைச் சார்கின்றன. எதிர்மறையில் தமிழின் உம்மை ஆங்கிலத்தின் 'ஆர்' என்பதற்கு நேராகிறது. குன்றாண்டார்கோவில் குடைவரையைக் காக்கும் சட்டத்தின் மூன்று பெயரடைகளும் ஏழு வினைகளும், இவ்வேறுபாடு நடையழகு சார்ந்தது மட்டுமன்று என்பதைக் காட்டுகின்றன. ஓகாரம் நிற்கவேண்டிய இடத்தில் எச்சம் நின்றால், ஒரு செயலால் குற்றமாவது ஏழு செயல்களும் கூடினாலன்றிக் குற்றமாகாது. சட்டத்தமிழ், அறிவிப்புத்தமிழ், பாடநூல் தமிழ் ஆகியவற்றின் இணைப்பு முறைகளை இந்நோக்கில் விரிவாக ஆராய்வது மேலாய்வுக்கு உரிய களமாகும்.